இடி இறங்கும் மலையில் மின்னணுக் கருவிகளைக் காப்பது எப்படி? ஏற்காட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஏற்காட்டில் வீடோ தோட்டமோ வாங்கப் போகிறவரிடம் தண்ணீர் வசதி, பாதை, காட்டெருமை நடமாட்டம் எல்லாவற்றையும் பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறது. எர்த் (மின்சாரத்தை நிலத்தில் இறக்கும் இணைப்பு) எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மலையில் மார்ச் கடைசியிலிருந்து மே வரை பிற்பகல் இடி வழக்கமான ஒன்று. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை இன்னொரு சுற்று. அந்த மாதங்களில் டிவி, மோடம், இன்வெர்ட்டர், மோட்டார் பேனல், கண்காணிப்பு கேமரா என்று ஒவ்வொன்றாகப் போகும்.

என் வீட்டில் ஒரே மாலையில் இவற்றில் பாதி போனது. பிறகு விசாரித்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் ஸ்டெபிலைசர் வைக்கச் சொன்னார், ஒருவர் கூரையில் இடிதாங்கி, இன்னொருவர் கம்ப்யூட்டருக்கென்று தனி எர்த். முதல் இரண்டும் வேறு நோய்க்கான மருந்து. மூன்றாவது ஆபத்து. அலைந்து தெரிந்துகொண்டதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். சேலம் நகரத்தில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அங்கே எர்த் போடுவது மட்டும் இவ்வளவு பாடில்லை.

1. எதிரி இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் எதிரி சர்ஜ், அதாவது வோல்ட்டேஜ் ஒரு கணம் திடீரென்று எகிறுவது. மின்னல் நேராக உங்கள் வீட்டில் விழ வேண்டியதில்லை. சில நூறு மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் விழுந்தாலே போதும், மேலே போகும் மின்கம்பியிலும் கேபிளிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படும். அது சில மைக்ரோ வினாடிகளில் வந்து போய்விடும். மின்விளக்கு சிமிட்டக்கூட நேரமிருக்காது; கருவிக்குள் இருக்கும் சில்லு எரிந்திருக்கும்.

இரண்டாவது எதிரி நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி, அறுவது. காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மின்கம்பிகள் போகின்றன. காற்றில் கிளை விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 300, 350, சில நேரம் 400 வோல்ட் வரை வரும். இது மைக்ரோ வினாடிக் கதை இல்லை. லைன்மேன் வந்து நிறுத்தும்வரை நீடிக்கும். குளிர்சாதனப் பெட்டியும் எல்.இ.டி. விளக்கும் கூட்டமாகச் சாவது இதனால்தான்.

இரண்டுக்கும் தனித்தனிக் கருவி வேண்டும். ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் ரிலே ஒருமுறை அசைவதற்குள் சர்ஜ் வந்து வேலையை முடித்துப் போய்விடும். சர்ஜைத் தடுக்கும் கருவியோ 400 வோல்ட்டில் பல நிமிடம் நின்றால் தானே எரியும். வீட்டு இன்வெர்ட்டரும் காப்பாற்றாது. மின்சாரம் இருக்கும்போது சாதாரண இன்வெர்ட்டர் வெளியிலிருந்து வருவதை அப்படியே உள்ளே அனுப்புகிறது. கூரை இடிதாங்கி கட்டிடத்துக்கு. சுவர் பிளக்காமல், தீப்பிடிக்காமல் அது பார்த்துக்கொள்ளும். டிவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இடிதாங்கி வைத்த வீட்டில் சர்ஜ் தடுப்பு இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கருவிகளுக்கு ஆபத்து கூடும், குறையாது.

எர்த், சர்ஜ் தடுப்பு, நியூட்ரல் பாதுகாப்பு, மற்ற கம்பிகள் என்ற இதே வரிசையில் பணத்தைச் செலவிடுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் மற்ற மூன்றுக்கும் போடும் பணம் பாதி வீண்.

2. எர்த்: செலவின் பெரும்பகுதி இங்கே

சேர்வராயன் மலை சார்னோக்கைட் பாறை. சில இடங்களில் காப்பிச் செடிக்கு ஏற்ற ஆழமான மண் உண்டு. சில இடங்களில் இரண்டடி தோண்டினால் கடப்பாரை துள்ளும். பாறை மின்சாரத்தை எளிதில் வாங்காது. வீடு விற்பவர் சுவரோரத்தில் ஒரு எர்த் குழி மூடியைக் காட்டுவார். மூடி இருப்பதால் எர்த் இருக்கிறது என்று ஆகாது. குழாய் இரண்டடியோடு பாறையில் முட்டி நின்றிருக்கலாம். உப்பு தின்று அறுந்திருக்கலாம்.

முதலில் அளந்து பாருங்கள். அரசு மின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் எர்த் டெஸ்டர் இருக்கும். மூன்று முனை வைத்து அளப்பது அது; சாதாரண மல்டிமீட்டரால் அளக்க முடியாது. எர்த் குழியிலிருந்து தள்ளித் தள்ளி இரண்டு ஆணிகளை மண்ணில் அடித்து அளப்பார்கள். கூலி ஆயிரம், இரண்டாயிரம் ஆகலாம். கீழே சேலத்திலிருந்து ஆள் வந்தால் மேலேறும் செலவு தனி. அளவு 5 ஓமுக்குக் கீழே இருந்தால் மகிழ்ச்சி, 10 ஓம் வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் என்றால் வேலை இருக்கிறது. ஏப்ரலில், முதல் மழைக்கு முன், மண் காய்ந்திருக்கும்போது அளந்ததே உண்மையான அளவு. நவம்பர் ஈரத்தில் அளந்து 4 ஓம் என்று எழுதிக் கொடுத்த தாள் மே மாதத்துக்குச் செல்லாது. தாளில் தேதியையும், மண் ஈரமா காய்ந்ததா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

புதிதாகப் போடுவதானால் மண் ஆழம் இருக்கும் இடத்தில் 2.5 மீட்டர் நீள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் வழக்கமான முறை. சுற்றிலும் கரியும் உப்பும் போடுவது பழைய பழக்கம். வேலை செய்யும், ஆனால் சில ஆண்டுகளில் உப்பே குழாயை அரித்துவிடும். பென்டோனைட் களிமண் நிரப்புவது நல்லது. ஈரத்தைப் பிடித்துவைக்கும், அரிக்காது. ஒரு குழி போதாவிட்டால் இரண்டாவது போடுங்கள். இரண்டுக்கும் நடுவே குறைந்தது குழாயின் நீளத்தளவு இடைவெளி வேண்டும். பக்கத்திலேயே போட்டால் இரண்டாவது குழிக்குக் கொடுத்த காசுக்குப் பலன் குறைவு.

பாறை குறுக்கிட்டால் கீழே போவதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் போங்கள். அரை மீட்டர் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, 15 மீட்டருக்குக் குறையாமல் ஜி.ஐ. பட்டையைப் புதைப்பதும் முறையான எர்த்தான். ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தரநிலை இதற்கு இடம் கொடுக்கிறது. காப்பிச் செடி வரிசைக்கு இடையே, படிக்கட்டு நிலத்தின் உள் ஓரமாக, மழைத் தண்ணீர் ஊறும் பக்கத்தில் போட்டால் மலையில் குழியைவிட நன்றாக வேலை செய்கிறது. ஒயர்மேன்கள் இதைத் தாங்களாகச் சொல்வதில்லை. குழி தோண்டும் கூலியில் அவர்களுக்குப் பழக்கம்.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, எர்த் சரியாகக் கிடைக்காதபோது சிலர் டி.பி. பெட்டிக்குள் (வீட்டுக்குள் மின்சாரம் பிரியும் பெட்டி) எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முடிந்துவிடுவார்கள். டெஸ்ட் விளக்கு பிரகாசமாக எரியும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். வெளியே நியூட்ரல் அறுந்த நாளில் உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர், குளிர்சாதனப் பெட்டி, இரும்புக் கதவு எல்லாவற்றின் உடம்பிலும் 230 வோல்ட் நிற்கும். உயிர்போகும் விஷயம். ஒப்பந்ததாரர் வந்திருக்கும்போதே பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது பொறிதான் அந்தத் தனி எர்த் யோசனை. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு ஒன்றும் ஆகாதது, அதன் இரண்டு காலும் ஒரே வோல்ட்டில் இருப்பதால்தான். கருவிக்கும் அதே கணக்கு. மின்னல் அருகில் விழும்போது நிலமே ஆயிரக்கணக்கான வோல்ட் உயரும், இடத்துக்கு இடம் வெவ்வேறாக. வீட்டின் எர்த் ஒரு மூலையிலும் கம்ப்யூட்டரின் தனி எர்த் இன்னொரு மூலையிலும் இருந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் முழுவதும் உங்கள் கருவி வழியாகத்தான் பாயும். எத்தனை குழி வேண்டுமானாலும் போடுங்கள். எல்லாவற்றையும் தடித்த கம்பியால் ஒன்றாக இணைத்து ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கூரை இடிதாங்கி இருந்தால் அதன் எர்த்தும் இந்தக் கூட்டத்தில் சேர வேண்டும்.

3. எஸ்.பி.டி. வாங்கும்போது

சர்ஜைத் தடுக்கும் கருவியின் பெயர் எஸ்.பி.டி. மீட்டருக்கு அடுத்த மெயின் பெட்டியில் எம்.சி.பி. (அதிக மின்சாரம் பாய்ந்தால் தானாக விழும் சுவிட்ச்) போலவே உலோகப் பட்டையில் மாட்டும் சிறிய பெட்டி. சேலத்துப் பெரிய மின்பொருள் கடைகளில் கிடைக்கும். ஏற்காட்டுக் கடைகளில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். அதன் மேல் அச்சிட்டிருப்பதில் படித்துப் பார்க்க வேண்டியவை இவை.

டைப். இடிதாங்கி இல்லாத வீட்டுக்கு டைப் 2 போதும். இடிதாங்கி இருந்தால், அல்லது தனியாக மேட்டில் நிற்கும் வீட்டுக்கு மேல்கம்பி வழியாக மின்சாரம் வந்தால், டைப் 1+2 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். டைப் 1 நேரடி மின்னலின் நீண்ட அலையைத் தாங்கச் சோதிக்கப்பட்டது.

கிலோ ஆம்பியர். டைப் 2-இல் பெயரளவு 20, உச்சம் 40 கிலோ ஆம்பியர் என்பது வீடுகளுக்கு வழக்கமான அளவு.

யு.சி. தொடர்ந்து எவ்வளவு வோல்ட்டில் நிற்கலாம் என்ற எண் இது. 275 என்று போட்டது பரவலாகக் கிடைக்கும். மலைக்கு 320 அல்லது 385 வாங்குங்கள். இரவில் வோல்ட்டேஜ் ஏறும் இடங்களில் 275 சீக்கிரம் கெடும்.

யு.பி. சர்ஜ் வரும்போது அதை எந்த வோல்ட்டில் நிறுத்தும் என்பது. 1.5 கிலோ வோல்ட் அல்லது அதற்குக் கீழே.

அமைப்பு. ஒருமுனை இணைப்புக்கு 1+1, மும்முனைக்கு 3+1 என்று கேளுங்கள். நம் வீடுகளில் எர்த் நம்முடைய சொந்தக் குழி. மின்வாரியத்தின் நியூட்ரல் டிரான்ஸ்பார்மரில் எர்த் ஆகிறது. இந்த ஏற்பாட்டுக்கு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வாயுக் குழல் (அதிக வோல்ட் வந்தால் மட்டும் மின்சாரத்தைக் கடத்தும் பாகம்) இருக்கும் வகைதான் பொருத்தம்.

நான் விசாரித்தபோது பெயர்பெற்ற நிறுவனங்களின் ஒருமுனை டைப் 2 சுமார் 2,500 முதல் 5,000 ரூபாய் வரையும், மும்முனை 6,000 முதல் 12,000 வரையும் இருந்தன. டைப் 1+2 இதைவிடக் கூடும். 500 ரூபாய்க்கு இணையத்தில் விற்பதில் மேலே அச்சிட்ட எண்கள் எல்லாம் அழகாகவே இருக்கும். சோதனைச் சான்று கேளுங்கள்; ஐ.இ.சி. 61643-11 என்ற எண் சான்றில் இருக்க வேண்டும். பில்லை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் காப்பீட்டுக்கும் தேவைப்படும்.

முகப்பில் சிறிய ஜன்னல் இருக்கும். பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது, சிவப்பு என்றால் செத்தது. செத்த பிறகும் வீட்டில் மின்சாரம் வழக்கம்போல் வரும்; நீங்கள் பார்த்தால்தான் தெரியும். உள்ளே இருக்கும் பகுதியை மட்டும் கழற்றி மாற்றும் வகையாக வாங்கினால் அடுத்த முறை பாதிச் செலவு மிச்சம்.

4. பொருத்துவதில்தான் எல்லாம் கெடுகிறது

நல்ல எஸ்.பி.டி. வாங்கி, நல்ல எர்த் போட்டு, நடுவில் ஒன்றரை மீட்டர் கம்பியைச் சுருட்டி அழகாகக் கட்டிவைத்துவிட்டுப் போவார்கள். அத்தோடு முடிந்தது.

கணக்கைப் பாருங்கள். எவ்வளவு தடித்த கம்பியாக இருந்தாலும் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் ஒரு மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் (மின்சாரம் திடீரென்று ஏறுவதை எதிர்க்கும் குணம்) உண்டு. 10 கிலோ ஆம்பியர் 8 மைக்ரோ வினாடியில் ஏறினால், ஒரு மீட்டர் கம்பியிலேயே 1,250 வோல்ட் விழும். எஸ்.பி.டி. 1,500 வோல்ட்டில் நிறுத்துகிறது. கம்பி 1,250 சேர்க்கிறது. உங்கள் கருவி பார்ப்பது 2,750. வீட்டுக் கருவிகள் தாங்கும்படி வடிவமைக்கப்படுவது 2,500 வரை, நுட்பமான மின்னணுக் கருவிகள் 1,500 வரை மட்டுமே. கம்பியின் நீளம் மட்டுமே இங்கே தோற்கடிக்கிறது.

ஆகவே பேஸிலிருந்து (மின்சாரம் உள்ளே வரும் கம்பி) எஸ்.பி.டி.க்கு வரும் கம்பியும், எஸ்.பி.டி.யிலிருந்து எர்த் பட்டைக்குப் போகும் கம்பியும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். வளைவு, சுருள் கூடாது. டைப் 2-க்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, டைப் 1-க்கு 16. எர்த் பட்டை பெட்டிக்கு உள்ளேயே, எஸ்.பி.டி.க்குக் கீழேயே இருக்கட்டும். வீட்டின் எல்லா எர்த் கம்பிகளும் அங்கேயே வந்து சேரட்டும். அதிலிருந்து குழிக்குப் போகும் நீளம் இந்த அரை மீட்டரில் சேராது. ஏனென்றால் வீட்டுக் கருவிகளின் எர்த்தும் அதே பட்டையோடு சேர்ந்து உயர்கிறது.

எஸ்.பி.டி.க்கு முன்னால் தயாரிப்பாளர் சொன்ன அளவில் பியூஸோ எம்.சி.பி.யோ வேண்டும். ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால், எஸ்.பி.டி. அதற்கு முன்னால், மீட்டர் பக்கமாக இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு இடிக்கும் ஆர்.சி.சி.பி. விழும், நீங்கள் ஊரில் இல்லாத வாரத்தில் விழுந்திருந்தால் திரும்பி வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும்போது தெரியும். அதற்காக ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிடச் சொல்பவர்கள் உண்டு. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மனித உயிருக்கானது. அதை யார் சொன்னாலும் கழற்றாதீர்கள்.

பெட்டியிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் டிவி, கம்ப்யூட்டர் போன்றவற்றின் பக்கத்தில் டைப் 3 வகை சர்ஜ் பிளக் ஒன்று கூடுதலாக வையுங்கள். சுமார் 800 முதல் 2,000 ரூபாய். அது மட்டும் போதும் என்று நினைப்பது வீண்.

5. நியூட்ரல் அறுந்தால்

அதிக வோல்ட், குறை வோல்ட் இரண்டிலும் தானாகத் துண்டிக்கும் 63 ஆம்பியர் கருவி ஒருமுனைக்குச் சுமார் 700 முதல் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எஸ்.பி.டி.க்குப் பிறகு மாட்டச் சொல்லுங்கள். மேல் எல்லை 265, கீழ் எல்லை 170 அல்லது 180, திரும்ப இணைக்கத் தாமதம் மூன்று நிமிடம். கடைசி எண் குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரஸருக்காக. மேல் எல்லையை 250-இல் வைத்தால் இரவெல்லாம் துண்டித்துத் துண்டித்து எரிச்சலூட்டும். பிறகு நீங்களே பைபாஸ் செய்துவிடுவீர்கள்.

கம்பியில் கிளை உரசுவதைப் பார்த்தால் காத்திருக்காமல் புகார் கொடுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு ஒரு கடிதம், நகலில் பெறுதல் முத்திரை. டிரான்ஸ்பார்மர் மேலே இருக்கும் லைட்னிங் அரெஸ்டரின் கம்பி அறுந்து தொங்கினால் தூரத்திலிருந்து படம் எடுத்து அதையும் இணையுங்கள். பதில் வராவிட்டால் அந்தந்த மின் பகிர்மான வட்டத்தில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அங்கே பேசுவது இந்தத் தாள்கள்தான்.

6. மறந்துபோகும் மற்ற கம்பிகள்

மின்கம்பியை அடைத்துவிட்டால் சர்ஜ் வேறு கம்பியில் வரும். மலைவீடுகளில் போர்டு எரிவது பெரும்பாலும் இப்படித்தான்.

டிஷ் ஆன்டெனாவின் தூணை வீட்டு எர்த்தோடு கம்பியால் இணையுங்கள். கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேபிள் சர்ஜ் தடுப்பை வைத்து, அதையும் அதே எர்த் பட்டைக்குக் கொண்டுபோங்கள்.

இணையத்துக்குச் செம்புக் கம்பி வேண்டாம், பைபர் கேளுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. ஆனால் கம்பத்திலிருந்து இறங்கும் பைபர் கேபிளில் இழுவிசைக்காக எஃகுக் கம்பி ஒன்று கூடவே வரும். அதை வீட்டுக்கு வெளியே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். மோடம் வரை உள்ளே விடக்கூடாது.

கேட் அருகே தூரத்தில் இருக்கும் கேமராவுக்கு நெட்வொர்க் கேபிள் இழுத்தால் அது நிலத்தில் படுத்திருக்கும் ஆன்டெனா. இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (நெட்வொர்க் கேபிளையும் பைபரையும் இணைக்கும் சிறு பெட்டி) வைத்து நடுவில் பைபர் போடலாம். ஜோடி இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். கேமராவுக்கு மின்சாரத்தை அங்கேயே ஒரு சிறிய சோலார் பலகையிலிருந்து கொடுத்தால் முழு விடுதலை.

ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை யாரும் நினைப்பதில்லை. தண்ணீருக்குள் நிற்கும் மோட்டார்தான் உங்கள் நிலத்திலேயே மிகச் சிறந்த எர்த். சர்ஜ் அதைத் தேடி இறங்கி வைண்டிங்கைத் துளைக்கும். மோட்டாரை மேலே எடுக்கும் கூலியை ஒருமுறை கொடுத்தவருக்கு இது புரியும். ஸ்டார்ட்டர் பெட்டியில் தனி எஸ்.பி.டி. வையுங்கள். கிணற்றின் மேல்குழாய் இரும்பாக இருந்தால் எஸ்.பி.டி.யின் எர்த்தை அதோடும் இணையுங்கள்.

காட்டெருமைக்காகச் சோலார் வேலி போட்டிருந்தால் கணக்கு மாறும். வேலியின் எர்த் வீட்டு எர்த்திலிருந்து குறைந்தது பத்து மீட்டர் தள்ளி, தனியாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் இணைக்கச் சொல்லிவிட்டு இதை மட்டும் பிரிக்கச் சொல்வது முரணாகத் தெரியலாம். இணைத்தால் வேலியின் துடிப்பு வீட்டுக் கருவிகளின் உடம்பில் தெரியும். ஆகவே வேலிக் கருவியை வீட்டு மின்சாரத்தோடு சேர்க்காமல், பேட்டரியும் சோலாரும் மட்டும் வைத்துத் தனித் தீவாக விடுங்கள். வேலிக் கம்பிக்கு உரிய இடிதடுப்பை வேலியிலேயே மாட்டுங்கள்.

கூரைச் சோலார் பலகைக்கு டி.சி. எஸ்.பி.டி. வேறு. ஏ.சி.க்கானதை அங்கே மாட்டினால் பொறி அணையாமல் தீப்பிடிக்கும்.

7. சொந்தமாக சர்க்யூட் செய்பவர்களுக்கு

தோட்டத்துக்கு மோட்டார் கன்ட்ரோலர், தொட்டி நீர்மட்டம் காட்டும் போர்டு என்று தாங்களே சாலிடர் செய்து வைப்பவர்கள் இங்கே நிறைய. சேலத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் செய்து கொடுப்பதும் உண்டு. மேசையில் மாதக்கணக்கில் ஓடும். மலையில் முதல் இடியையே தாங்காது.

230 வோல்ட் உள்ளே வரும் இடத்தில் முதலில் பியூஸ், அதற்குப் பிறகு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே எம்.ஓ.வி. (வோல்ட் எகிறினால் மட்டும் மின்சாரத்துக்கு வழிவிடும் வட்டுப் பாகம்). இந்த வரிசை முக்கியம். எம்.ஓ.வி. கெடும்போது ஷார்ட் ஆகும். பியூஸ் முன்னால் இருந்தால்தான் துண்டிக்கும். இணையத்தில் எல்லோரும் 14டி471 என்று எழுதியிருப்பார்கள். அது 300 வோல்ட் ஏ.சி. வரைக்கானது. மலைக்கு 20டி511 அல்லது 20டி561 எடுங்கள். முறையே 320, 350 வோல்ட் ஏ.சி., வட்டும் பெரிது. விலை பத்து, இருபது ரூபாய். நியூட்ரல் அறுந்த நிலையில் எம்.ஓ.வி. சூடாகித் தீப்பிடிக்கும் என்பதால் அதை ஒட்டினாற்போல் ஒரு தெர்மல் பியூஸ் வையுங்கள், அல்லது தெர்மல் பியூஸ் உள்ளேயே இருக்கும் வகையை வாங்குங்கள். பேஸிலிருந்து நேராக எர்த்துக்கு எம்.ஓ.வி. மட்டும் போடாதீர்கள், பழசானால் கசிந்து ஆர்.சி.சி.பி.யை விழவைக்கும், எர்த் மோசமான வீட்டில் பெட்டியின் உடம்பில் ஷாக் அடிக்கும். எர்த்துக்குப் போகும் வழியில் வாயுக் குழலைத் தொடராக வையுங்கள்.

12 வோல்ட் பக்கத்தில் டி.வி.எஸ். டையோடு. எஸ்.எம்.பி.ஜே.15ஏ போன்றது 15 வோல்ட் வரை பேசாமல் இருக்கும். சர்ஜில் சுமார் 24 வோல்ட்டில் பிடித்து நிறுத்தும். அதற்குப் பின்னால் வரும் ரெகுலேட்டர் 24 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதாக இருக்கட்டும். டி.வி.எஸ். மிக வேகம், ஆனால் தாங்கும் சக்தி சிறிது. வாயுக் குழல் மெதுவாக விழிக்கும், ஆனால் யானைப் பலம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் நடுவில் பத்து ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரோ சிறிய இண்டக்டரோ கட்டாயம். இல்லாவிட்டால் டி.வி.எஸ். வோல்ட்டைக் கீழே பிடித்துவைத்துக்கொள்ளும், வாயுக் குழல் விழிக்கவே விழிக்காது, டி.வி.எஸ். தனியாகச் சாகும்.

நீளமான சென்சார் கம்பிகள்தான் போர்டைக் கொல்லும். தொட்டியிலிருந்து நாற்பது மீட்டர் கம்பியை மைக்ரோ கன்ட்ரோலரின் காலில் நேராகச் செருகுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில் பி.சி.817 போன்ற ஆப்டோ கப்ளர் (கம்பித் தொடர்பில்லாமல் ஒளியால் சைகையைக் கடத்தும் பாகம்) வையுங்கள். அதன் கீழே போர்டில் செம்புத் தடம் எதுவும் குறுக்கே போகக் கூடாது. அங்கே ஒரு பிளவு வெட்டிவிட்டால் இன்னும் நல்லது. ஆப்டோ கப்ளரின் இரு பக்கத்துக்கும் ஒரே பவர் சப்ளையைக் கொடுத்தால் அதை வைத்ததற்கே அர்த்தமில்லை; இதுவும் நிறையப் பேர் செய்வது. என்னைக் கேட்டால் கம்பியையே விட்டுவிடுங்கள். தொட்டிமேல் பேட்டரியில் ஓடும் சிறிய வயர்லெஸ் போர்டு வைத்தால் இந்தப் பத்தியே தேவையில்லை.

8. எப்போது செய்வது, எவ்வளவு ஆகும், என்ன தாள் வேண்டும்

ஜனவரி, பிப்ரவரியில் தொடங்குங்கள். ஏப்ரல் வந்தால் விடுதிகளின் வேலை, மேயில் கோடை விழா. நல்ல ஒயர்மேன் கிடைக்க மாட்டார். கிடைப்பவர் அவசரத்தில் செய்வார். எர்த் வேலைக்கு மண்ணைப் பொறுத்து ஓரிரு நாள். பெட்டி வேலை அரை நாள். பொருள் வாங்க ஒருமுறை சேலம் இறங்கி ஏறுவதற்கு ஒரு நாள்.

நடுத்தர ஒருமுனை வீட்டுக்கு எர்த் 5,000 முதல் 12,000, எஸ்.பி.டி. 2,500 முதல் 5,000, வோல்ட் துண்டிப்பான் ஆயிரம் சுற்று, கம்பி, பெட்டி, கூலி நான்கைந்தாயிரம். மொத்தம் 13,000 முதல் 23,000 ரூபாய்க்குள் முடியும். பாறை குறுக்கிட்டால் எர்த் செலவு ஏறும். முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதியை எர்த் அளவைக் கண்முன் காட்டிய பிறகு கொடுங்கள்.

கேட்டு வாங்க வேண்டியவை: ஒப்பந்ததாரரின் உரிம எண்ணோடு கூடிய பில், எர்த் அளவுத் தாள், எஸ்.பி.டி.யின் சான்று, குழியை மூடும் முன் எடுத்த படங்கள். மூடிய பிறகு உள்ளே என்ன போட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது.

9. மழை வரும் பிற்பகலில்

இவ்வளவும் செய்த பிறகும், மிக அருகில் விழும் மின்னலுக்கு முன்னால் பிளக்கைக் கழற்றுவதற்கு ஈடு எதுவுமில்லை. ஆனால் இடி தொடங்கிய பிறகு கழற்றப் போகாதீர்கள். கையில் கம்பியைப் பிடித்திருக்கும் நேரம் அதுவல்ல. மின்னலுக்கும் ஒலிக்கும் நடுவே மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது வினாடிக்குள் கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் தாமினி செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள், முன்னதாகவே எச்சரிக்கும். கழற்றும்போது மின் பிளக்கோடு டிஷ் கேபிளையும் நெட்வொர்க் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்து மாட்டலாம். வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்களில் மெயினையே நிறுத்திவிட்டுப் போங்கள்.

10. எரிந்துவிட்டால்

வீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால் மின்னல் அதில் அடங்கும். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா திட்டத்திலும் மின்னல் உண்டு. ஆனால் விலக்குகள் பகுதியைப் படியுங்கள். ஷார்ட் சர்க்யூட், அதிக மின்னழுத்தம் முதலியவற்றால் ஒரு மின்கருவிக்கு ஏற்படும் சேதம், மின்னலால் நேர்ந்தாலும், அந்தக் கருவிக்குக் கிடையாது என்ற வரி தீக்காப்பீடுகளில் வழக்கமாக இருக்கும். மின்னலில் கூரை உடைந்தால் பணம். டிவி மட்டும் எரிந்தால் வாக்குவாதம். நான் மாட்டிக்கொண்டது அந்த வரியில்தான். மின்னணுக் கருவிகளுக்கென்று தனிக் காப்பீடோ கூடுதல் பிரிவோ இருக்கிறதா என்று எடுக்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.

கோரிக்கை வைப்பதானால் அன்றைக்கே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னது போதாது. கருவிகளின் வரிசை எண்ணோடு படங்கள், வாங்கிய பில்கள், அன்றைய மழை பற்றிய செய்தித்தாள் நறுக்கு, பழுதுபார்ப்பவர் எழுதிய அறிக்கை ஆகியவை வேண்டும். அறிக்கையில் 'போர்டு பழுது' என்று மட்டும் எழுதினால் கோப்பு திரும்பி வரும். எந்தப் பாகம் எரிந்தது, காரணம் மின்னல் சர்ஜ் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். எரிந்த போர்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். மதிப்பீட்டாளர் அதைக் கண்ணால் பார்க்கக் கேட்பார். அதற்குள் கடைக்காரர் உதிரிக்காகப் பிரித்திருப்பார். கருவியின் பெயரையும் தேதியையும் எழுதி ஒரு பையில் போட்டு, கோரிக்கை முடியும்வரை வீட்டிலேயே வைத்திருங்கள்.